ரோல் கிடைக்குமா?

கே: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய அக்ஃபா கிளிக் III ஒன்றை வாங்கிவிட்டேன். இதற்கு இன்னும் ஃபிலிம் வருகிறதா? (சேலையூர் வாசகர்)

ப: வருகிறது. பரோடாவில் தயாரான அந்தக் கேமரா கேட்பது 120 ரோல். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். கோடக், இல்ஃபோர்டு இரண்டும் அதை இன்றும் தயாரிக்கின்றன. பின்மூடியைத் திறக்கும் முன் முதுகிலுள்ள சிவப்பு ஜன்னலைப் பாருங்கள். எண் தெரிந்தால் திறக்காதீர்கள். யாரோ ஒரு குடும்பம் எடுத்துக் கழுவாமலே விட்ட ரோலாக இருக்கலாம். கடைசிவரை சுற்றி முடித்து, வெளியே எடுத்துக் கழுவக் கொடுங்கள்.

கே: தாம்பரத்தில் ஏறி இறங்காத ஸ்டூடியோ இல்லை. “ஃபிலிமா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே? (கிழக்குத் தாம்பரம்)

ப: அவர்கள் மேல் கோபம் வேண்டாம். கலர் ஃபிலிம் கழுவும் மெஷினில் தினமும் ரோல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மருந்து தொட்டியிலேயே கெட்டுப்போகும். கல்யாண ஆல்பமெல்லாம் டிஜிட்டலுக்குப் போனபிறகு அந்த மெஷினை வைத்துக் கட்டுப்படியாகுமா? ரோலை இணையத்தில் இன்றைக்கே வாங்கலாம். தட்டுப்பாடெல்லாம் கழுவ ஆள் கிடைப்பதில்தான். ஆகவே முதலில் லேபை முடிவு செய்யுங்கள், பிறகு ரோல் வாங்குங்கள். கூரியரில் அனுப்புவதானாலும் இரண்டு விஷயம் கேளுங்கள்: மருந்து எப்போது மாற்றினீர்கள், நெகட்டிவைத் திருப்பித் தருவீர்களா? ஸ்கேன் மட்டும்தான் என்றால் வேறு லேப் பாருங்கள். ஸ்கேன் அழிந்தால் நெகட்டிவிலிருந்து இன்னொன்று எடுக்கலாம். நெகட்டிவ் போனால் போனதுதான்.

கே: வீட்டிலேயே கழுவலாமா? (குரோம்பேட்டை)

ப: தாராளமாக. கருப்பு-வெள்ளையில் தொடங்குங்கள். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கட்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும்; சித்திரை வெயிலில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டி வரும். அந்தச் சூட்டில் மருந்து அவசரப்பட்டு நெகட்டிவைக் கறுக்கடித்துவிடும், ஜெலட்டின் இளகி நகம் பட்டாலே கீறும். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள், நீர்த்துவிடும். டப்பில் ஐஸ் தண்ணீர் வைத்து பாட்டிலை அதற்குள் நிறுத்துங்கள். அலசும் தண்ணீரும் குளிர்ந்தே இருக்கட்டும். கலர் டெவலப்பருக்கோ 37.8 டிகிரி வேண்டும். அதில் முக்கால்வாசி வேலையை நம்மூர் வெயிலே பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வேலை முடிந்த ஃபிக்ஸர் மருந்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, நம் பக்கத்துச் சாக்கடை போய்ச் சேருமிடம் ஏரி. கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுங்கள்.

கே: ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தோமே, ஏன் விட்டோம்? (சிட்லபாக்கம்)

ப: இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கி, பிரான்சு நாட்டுத் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கருப்பு-வெள்ளை ரோலும் நாடெங்கும் போயின. கலர் வந்தது, கடன் ஏறியது, 1996-ல் நலிந்த நிறுவனம் என்றார்கள், கடைசியில் மூடினார்கள். கருப்பு-வெள்ளையோடு நின்றதால்தான் விழுந்தது என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். இல்ஃபோர்டும் கருப்பு-வெள்ளையை நம்பியதுதான். 2004-ல் அதுவும் நொடித்தது. மறுவருடம் அதன் மேலாளர்களே சேர்ந்து வாங்கி ஓட்டினார்கள், 2023-ல் கலர் ரோலும் போட்டுவிட்டார்கள். ஊட்டியில் இருட்டில் படலம் பூசத் தெரிந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அப்படியொரு வாய்ப்பைக் கொடுத்திருக்க வேண்டும்.

கே: கோடக்கும் திவால்தானே? (வேளச்சேரி)

ப: 2012-ல் மனு போட்டது, 2013-ல் மீண்டது. இடையில் நிறுத்திய எக்டாகுரோம் என்ற ஃபிலிமை 2018-ல் மறுபடி கொண்டுவந்தது.

கே: மீனம்பாக்கத்தில் ஃபிலிமோடு விமானம் ஏறினால்? (பம்மல்)

ப: செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள், அந்த ஸ்கேனர் ஒரே தடவையில் ஃபிலிமைப் பாழாக்கிவிடும். ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து உள்ளே தெரிகிற பையில் போட்டு, கையாலேயே சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.