தடை கரையில், படகு தண்ணீரில்!
(பழவேற்காடு பற்றி வந்த கேள்விகள்)

கே: பழவேற்காட்டில் படகு சவாரிக்குத் தடை என்கிறார்கள். ஆனால் கரையில் கால் வைத்ததுமே “ஏரியச் சுத்திப் பாக்கலாமா சார்?” என்று நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்களே? – மீஞ்சூர் வாசகர்

ப: தடை கரையில் இருக்கிறது, படகு தண்ணீரில் இருக்கிறது. இரண்டுக்கும் அறிமுகமே இல்லை.

கே: தடை எதற்காக வந்தது? – கல்லூரி மாணவி, பொன்னேரி

ப: 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தடை.

கே: உயிர்தானே முக்கியம்? தடை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே! – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்மிடிப்பூண்டி

ப: அனுமதி பெற்ற படகென்றால் எத்தனை பேர் ஏறலாம், லைஃப் ஜாக்கெட் எங்கே, அடியில் விரிசல் உண்டா என்று அதிகாரி கேட்கலாம். தடை செய்த படகோ அரசுக் கணக்கில் ஓடவே இல்லை. ஓடாத படகில் ஓட்டை எப்படி இருக்கும்?

கே: இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா? – வழக்கறிஞர், திருவள்ளூர்

ப: உங்களுக்கே தெரியும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை ஓரங்கட்டிவிட்டு 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பதிவு, ஆய்வு, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான், 2023 மே 7 அன்று, கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அளவுக்கு மீறி ஆட்கள். அங்கேயும் 22 பேர். சட்டம் படகில் ஏறிப் பார்க்காது, ஆள்தான் ஏறிப் பார்க்க வேண்டும்.

கே: மலையேற்றத்துக்கு வழி கண்டவர்களால் ஏரிக்கு முடியாதா? – தேனி வாசகி

ப: முடியும். 2018 மார்ச்சில் உங்கள் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அந்த ஆண்டே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டார்கள். மலைக்கு ஆறே ஆண்டு. ஏரி 2011 முதல் வரிசையில் நிற்கிறது.

கே: மலைக்குப் பாதை உண்டு, தண்ணீரில் பாதை ஏது? அதற்குப் பராமரிப்பு வேறா? – தி.நகர் வாசகர்

ப: ஏரி அகலமே தவிர ஆழமில்லை; பல இடங்களில் இடுப்பளவுதான். சேற்றுத்திட்டையும் வலையையும் விலக்கிப் போகும் தடம் படகோட்டிக்குத் தெரியும். முகத்துவாரத்தை மணல் மூடும்போது குப்பத்தார் தாங்களே வெட்டிவிட்டதும் உண்டு. அவர்கள் மணலை எடுத்தார்கள், நாம் பிளாஸ்டிக்கைப் போட்டோம்.

கே: பூநாரைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் படகை விடச் சொன்னால் தனிக் காசு கேட்கிறார்கள். நியாயமா? – அம்பத்தூர் வாசகர்

ப: இது பறவைகள் சரணாலயம் என்பதை மறந்துவிட்டீர்கள். கூட்டம் எழும்பிப் பறப்பதைப் பார்க்க நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். பறப்பதற்குப் பூநாரை தன் இரைவேளையைக் கொடுக்கிறது. எவ்வளவு கிட்டே போகலாம் என்பதும் விதியில் வர வேண்டும்.

கே: வலையில் ஒண்ணும் விழாத நாளில் சவாரிதான் சோறு போடுது. அதுவும் கூடாதுன்னா எப்படி? – படகோட்டி, கோட்டைக்குப்பம்

ப: அண்ணே, கூடாது என்று நான் சொல்லவில்லை, கணக்கோடு ஓடட்டும் என்கிறேன். இறாலுக்கு எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ‘பாடு’ முறை வைத்துத் தலைமுறைகளாக நடத்துகிறவர்கள் நீங்கள். சவாரிக்கும் அப்படி முறை வையுங்கள். வசூலில் ஒரு பங்கைப் படகுப் பழுதுக்கு ஒதுக்குங்கள். ஆள் கணக்கு மீறினால் தண்டம் போடுங்கள். படகைச் சோதித்து எண் கொடுப்பது அரசின் வேலை.

கே: ஊர் கையில் கொடுத்தால் சிலர் மட்டும் அனுபவிக்க மாட்டார்களா? – சமூகப் பணியாளர், எண்ணூர்

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ‘பாடு’ முறையில் எல்லோருக்கும் இடமில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். அந்த முறையின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். உரிமப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

கே: அதுவரை பழவேற்காட்டில் என்னதான் பார்ப்பது? – ஆவடி வாசகி

ப: டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பழவேற்காட்டில் அரசின் கவனிப்பைப் பெறுவதற்கு இறந்து முந்நூறு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் போல!