தைலவருக்குத் தைலவலி

ஏ பேராண்டி, அந்த லேப்டாப்ப இப்பிடித் திருப்பு. அண்ணனும் தங்கச்சியும் சேந்து கதை எழுதுறீகளாம், பிழையில பொறந்த கதையாம். நல்ல காரியம். நம்ம வம்சத்துல பிழை இல்லாம எழுதத்தான் யாருக்கும் வராது. பிழையோட எழுத உங்களுக்கு நானா சொல்லித் தரணும்?

முதல் பக்கம் நீ எழுதுனதா? 'ஙஞ்ஙா பூம் ழ்ழ்ழ்'னு நாலு வரி. கம்ப்யூட்டர் கெட்டுப்போயி உளறுதாம். உளறுறதுக்கு மிஷின் எதுக்குடா, உங்க பெரியப்பன் போதாதா? மிஷின் தப்புச் செஞ்சாலும் ஒரு கணக்கோடதான் செய்யும். போன லீவுல பாக்மேன் காட்டுனியே, 1980-ல ஜப்பான்காரன் செஞ்ச ஆட்டம். 256-ஆவது கட்டத்துல திரையோட வலது பாதி குப்பையாக் கெடக்குமாம். ஏன்னு நீதான் வெளக்குன. கட்டத்த எண்ணுற இடத்துல 255 வரைக்கும்தான் அடங்கும், அதத் தாண்டுனா பழம் வரையிற கணக்குத் தடுமாறி, கண்ட இடத்துல கண்டதையும் வரைஞ்சுரும்னு. அம்புட்டு வெவரமாச் சொன்ன பய, கதைன்னு வந்ததும் 'ழ்ழ்ழ்'ங்கிறான்.

தங்கச்சி எழுதுனதப் பாரு. ஏதோ விழா அழைப்பு, பிடிஎஃப்ல இருந்து எடுத்து ஒட்டியிருக்கா. தலைவரெல்லாம் 'தைலவர்' ஆயிட்டாக! இதவிட ஒரு கதாநாயகன் வேணுமா? நீ என்னடான்னா சிவப்பு எழுத்துல அடிச்சுத் 'தலைவர்'னு திருத்தி வச்சிருக்க.

அது ஏன் வருதுன்னு கேளு. சிவகாசியில ஈய எழுத்துக் கோத்த கை இது. 'போ'ன்னு கோக்கணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் 'ப', அப்புறம் கால். கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ அதே வரிசை. பழைய கம்ப்யூட்டர் எழுத்துருவும் அப்பிடித்தான். ஆனா யூனிகோடுல எழுத்து முன்னால, கொம்பு பின்னால. காட்டும்போதுதான் கொம்பத் தூக்கி முன்னால வச்சுக் காட்டும். பிடிஎஃப்ல இருந்து எடுக்கையில பழைய வரிசையிலயே வந்துருச்சுன்னா, 'ல'வுக்குச் சொந்தமான சங்கிலிக்கொம்பு பக்கத்து வீட்டுத் 'த'வக் கட்டிக்கிட்டுப் போயிரும். தலை, தைல ஆயிரும்.

இதுல இன்னொரு கூத்து. 1978-ல சர்க்கார் எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுற வரைக்கும் 'லை'க்கு யானைத் தும்பிக்கை. ஒட்டுனது ஒட்டுனதுதான், தலையத் தைலமாக்க எவனாலயும் ஆகாது. அதனால தைலவர் பொறந்த வருஷம் 1978-ன்னு எழுதிக்கோ. ஜாதகம் கரெக்டா இருக்கட்டும்.

ஒருத்தர் தைலவர் ஆயிட்டாருன்னா அந்த ஊரு மொத்தத்துக்கும் அதே சட்டந்தான். அவருக்குத் தலைவலி வராது, தைலவலிதான் வரும். மலை ஏற மாட்டாரு, மைல ஏறுவாரு. கடலை கேட்டா 'கடைல'ன்னு பொட்டலம் வரும். அவரு வந்தபோது கூட்டம் எந்திரிக்காது, 'வந்தேபாது'தான் எந்திரிக்கும். மாலை போட்டா? அங்கதான் வெளையாட்டு. 'மா' ஏற்கெனவே கால வச்சிருக்கு, கொம்பச் சேத்துக்கிடாது. ஒட்ட எடமில்லாத கொம்புக்குக் கம்ப்யூட்டர் பாவப்பட்டு, புள்ளிப்புள்ளியா ஒரு வெறும் வட்டம் போட்டுக் குடுக்கும். தொண்டன் கையில பூவில்லாத அந்தப் புள்ளி வட்டம். தைலவர் கழுத்த நீட்டுவாரா மாட்டாரா? அத நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கோங்க, நான் வரல.

1925 வாக்குல பாரிஸ்ல ஆந்திரே பிரெதோன்ங்கிற கவிஞரோட கூட்டாளிகளுக்கு, சேந்து எழுதுற ஒரு ஆட்டம் உண்டு. ஒருத்தன் எழுதி மடிச்சுக் குடுப்பான், அடுத்தவன் அதப் பாக்காமலே தொடரணும். உங்களுக்கு அது சரிப்படாது. நீ மடிப்பப் பிரிச்சுப் பாத்துட்டு, 'பாக்கல'ன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவ. அதனால ஒண்ணு மட்டும் செய். அவ எழுதுனதுல கை வைக்காத. பிடிக்கலையா, அடுத்த வரியில பழி வாங்கு. தைலவர ஆஸ்பத்திரியில படுக்க வை, எலக்சன்ல தோக்கடி. திருத்த மட்டும் செய்யாத. ஏஐகிட்டயும் குடுத்துராத. அது ரொம்ப நல்ல பிள்ளை. ஒரு நொடியில எல்லாரையும் தலைவராக்கிட்டு, 'வேற ஏதாவது உதவி வேணுமா'ன்னு கேக்கும். உன் கதை அம்புட்டுத்தான்.

என்ன தாயி, பேரனும் பேத்தியும் கதைக்குள்ள வரணுமா? தாராளமா வாங்க. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் முதல் எழுத்துலயே கொம்பு மொளைச்சிருக்கு, பாத்தியா? வாசல்லயே புள்ளி வட்டம் போட்டு உக்கார வச்சுரும், பேரன் வெறும் பரன், பேத்தி வெறும் பத்தி. தாத்தாவுக்குக் கொம்பே கெடையாதுல்ல, எந்த பிடிஎஃப்ல இருந்து எடுத்தாலும் முழுசா வருவேன். முறுக்குத் தட்ட இப்பிடித் தள்ளு.