களவுபோன சைக்கிளும் ஐயாயிரம் ரூபாய் எல்லையும்

கேள்வி: தந்தை ஓட்டிய பழைய சைக்கிள் உத்திரமேரூரில் களவு போய்விட்டால், அதை மீட்க வழி உண்டா?

பதில்: இவ்வூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், பொ.ஆ. 921ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குடவோலை முறையை, அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சபையின் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை விளக்குமிடத்தில், பிறர் பொருளைத் திருடியவனின் பெயர் அக்குடத்திற்குள் விழவே கூடாதென விதிக்கிறது. திருடிய பொருள் என்ன விலை என்று அது கேட்கவில்லை. இன்றைய சட்டம் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு களவுக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தாலும், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால், நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்ய இயலாத குற்றமாக அது கருதப்படுகிறது. தந்தையின் கை பட்டுத் தேய்ந்த ஹேண்டில்பாருக்கு அக்கணக்கில் காசு இல்லை என்பதும், கழனிக்கும் பள்ளிக்கும் அவ்வண்டியையே நம்பிய வீட்டின் இழப்பு சிறிதாக எண்ணப்படுவதும் வருந்தத்தக்கவை.

எனினும் புகார் அளித்தே ஆக வேண்டும். இருக்கைக் குழாயிலோ பெடல் அச்சின் அடியிலோ பொறித்திருக்கும் ஃப்ரேம் எண்ணைப் புகாரில் எழுதி, மனுவை ஏற்றதற்குச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதைப் பெற்று, அன்றே சைக்கிள் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அந்த எண்ணைத் தெரிவிக்க வேண்டும்; வண்டியைப் பிரித்துவிட்டால் சக்கரங்களை அடையாளம் காட்ட எந்த எண்ணும் மிஞ்சாது.