நறுக்குத் துண்டு: பிராக் நகரப் பயிற்சி ஆசிரியர் வாழ்வில் அதன் தோற்றமும் பெருக்கமும்

வேற்று நாட்டு நகரத்துக்குப் போய் ஆங்கில ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களைப் பற்றி ஊரில் ஒரு சித்திரம் உலவுகிறது. மாலையில் நதிக்கரை, தோளில் துணிப்பை, காப்பிக் கடையில் நான்கு நாட்டாரோடு அரட்டை. நகரம் பிராக் என்றால் சார்லஸ் பாலமும் வந்து ஒட்டிக்கொள்ளும். இச்சித்திரத்தில் எங்கும் கத்தரிக்கோல் காணப்படவில்லை. ஆதலால் இது கண்டவர் வரைந்ததன்று, கேள்விப்பட்டவர் வரைந்தது என்று தள்ளிவிட்டு மேலே செல்வோம்.

நறுக்குத் துண்டாவது யாதெனின், ஏ4 தாளில் நகலெடுக்கப்பட்டு, கத்தரியால் பிரிக்கப்பட்டு, ஒரு சொல்லையோ அரை வாக்கியத்தையோ தாங்கி, உறைக்குள் ஓரிரவு அடைபட்டுக் கிடந்து, மறுநாள் மாணவர் கைக்குப் போய், அங்கிருந்து தரைக்குப் போவது. பஸ் இருக்கையில் இடம் பிடிக்கப் போடும் துண்டும், மேடையில் போர்த்தும் துண்டும், பட்ஜெட்டில் விழும் துண்டும் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. அவற்றைப் பற்றி நம்மவர் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது.

இனிக் களம். செல்டா என்பது கேம்பிரிட்ஜ் வழங்கும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழ். ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் 1962இல் லண்டனில் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியின் வழித்தோன்றல். முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரங்களில் முடிந்துவிடும். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குத் தானே பாடம் நடத்த வேண்டும். இன்னொரு 6 மணி நேரம் கை தேர்ந்தவர்கள் நடத்துவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். 4 கட்டுரைகள் எழுத வேண்டும். நறுக்கும் நேரத்துக்கு இதில் தனிக் கணக்கு இல்லை. பயில்பவர் அதைத் தம் தூக்கத்திலிருந்து கழித்துக்கொள்கிறார்.

எவ்வளவு கழிகிறது என்பதை ஓர் உதாரணத்தால் நிறுவலாம். ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் பிராக் ஃபார் டென் இயர்ஸ்’ என்ற எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்க. ஐ, ஹேவ், லிவ்ட், இன் பிராக், ஃபார், டென் இயர்ஸ் என்று இது ஆறு துண்டாகும். இப்படி எட்டு வாக்கியம் என்றால் 48 துண்டு. வகுப்பில் 12 பேர். இருவர் இருவராக 6 ஜோடி. ஜோடிக்கு ஓர் உறை. ஆக, 288 துண்டுகள். மாணவர்கள் அவற்றை மேசை மேல் பரப்பி ஒழுங்காக அடுக்கப் பத்து நிமிடம் போதும். கலைத்து உறையில் போட்டுத் திருப்பித் தர அரை நிமிடம்கூட ஆகாது. இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் முந்தின இரவு ஜிஷ்கோவ் பகுதியின் வாடகை வீடொன்றில் ஓர் அயர்லாந்துக்காரரும் ஒரு பிரேசில்காரரும் இக்கட்டுரையாளரும் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து, பீடி சுற்றும் குடும்பம் போல, பேச்சின்றி வேலை பார்த்தார்கள்.

கருவி பற்றி ஆய்வாளரிடையே இரு கட்சி உண்டு. கத்தரிக்கோல் மெதுவானது, ஆனால் சத்தமில்லாதது. கைப்பிடியை மேலிருந்து கீழே இறக்கும் பேப்பர் கட்டர் ஒரே வீச்சில் ஐந்தாறு தாளைப் பிளக்கும். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் மேசை ஒரு முறை அதிரும். செக் நாட்டில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும். மாடிக் குடியிருப்புகளில் இதைச் சட்டமாக மட்டுமல்ல, மதமாகவும் கடைப்பிடிக்கிறார்கள். பத்து மணி ஆகிச் சில நிமிடங்களில் கீழ்வீட்டு அம்மையார் கூரையைத் துடைப்பக் கட்டையால் தட்டினார் என்றால், கட்டர் கட்சி அன்றைக்குத் தோற்றது என்று பொருள். பிறகு விடியும் மட்டும் கத்தரிக்கோல்தான். பெருவிரலின் அடியில் காய்ப்பு ஏறுவது இதனால்தான். சுண்ணாம்புக் கட்டி பிடித்த பழைய தலைமுறை ஆசிரியர்களுக்கு இந்தக் காய்ப்பு இருந்ததில்லை.

காலைப் பொழுதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் பயில்பவருக்கும் அது சுருக்கமாகவே வாய்க்கிறது. கையில் ரோஹ்லீக் என்னும் நீள ரொட்டி, பையில் உறைகள், மெட்ரோவில் நாமெஸ்தி மீரு நிலையம். 53 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இந்நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். அசையாமல் நின்றால் மேலே வர இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். பயில்பவர் இந்த இரண்டு நிமிடத்தை வீணாக்குவதில்லை. துண்டுகளைக் கொடுத்த கையோடு மாணவருக்கு வேலை விளங்கிற்றா என்று சோதிக்கும் கேள்விகளை உருப்போடுகிறார். “எழுதப் போகிறீர்களா? இல்லை. தனியாகச் செய்யப் போகிறீர்களா? இல்லை. பக்கத்து ஜோடியிடம் காட்டலாமா? கூடாது.” தனக்குத் தானே கேள்வி கேட்டு, தானே மறுத்துக்கொண்டு, பூமிக்கடியிலிருந்து ஒருவர் எழும்பி வருவதைப் பிராக் மக்கள் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் இதைவிட எவ்வளவோ பார்த்தவர்கள்.

எட்டரை மணிக்கு நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் வரிசை. இங்கே மனித குணம் அப்பட்டமாக வெளிப்படும். “ஒரே ஒரு பக்கம்தான், முன்னால் விடுவீர்களா?” என்று கேட்பவர் கையில் எப்போதும் பதினைந்து பக்கம் இருக்கும். தாள் தீர்ந்தவுடன் தட்டை நிரப்புபவர் ஒரு சாதி. வேறு யாராவது நிரப்பட்டும் என்று தேநீர் எடுக்கப் போய்விடுபவர் இன்னொரு சாதி. இரண்டு பக்கமும் அச்சடிக்கும்படி முந்தினவர் அமைத்துவிட்டுப் போனதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திய அயர்லாந்துத் தோழரின் நிலை தனி ஆய்வுக்குரியது. முன்பக்கத்தை நறுக்கினால் பின்பக்க வாக்கியத்தின் கழுத்து போகிறது. ‘லிவ்ட்’ என்ற துண்டைப் புரட்டினால் அடுத்த பயிற்சியின் அரைச் சொல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. அவர் மாணவர்கள் அன்று இரண்டு பக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, நாம் இதுவரை அறிந்திராத ஓர் ஆங்கிலத்தை உருவாக்கினார்கள்.

இயந்திரம் நின்றுபோனால் பயில்பவர்கள் போடும் கூச்சலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதே ஊரில் 1970களில் எழுத்தாளர் லுட்விக் வட்சுலீக் போன்றவர்கள் தணிக்கைக்குத் தப்பிய நாவல்களை மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துத் தட்டச்சில் அடித்து, பைண்ட் செய்து, கைக்குக் கை அனுப்பினார்கள். கடைசிப் பிரதியில் எழுத்து மங்கித்தான் தெரியும். அதை வாசித்து வளர்ந்தவர்கள் இன்றும் இந்நகரத் தெருக்களில் நடக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி “கலர் பிரிண்ட் வரவில்லை” என்று புலம்பாமல் இருப்பது நல்லது.

மொழி கற்பிக்கும் கலையில் செக் நாட்டாருக்கு நாம் சொல்லித் தர ஒன்றுமில்லை என்பதற்கு அவர்களுடைய 200 கொருனா நோட்டே சாட்சி. அதில் இருப்பவர் கொமேனியஸ். மொராவியாவில் 1592இல் பிறந்து, 1628இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த பாதிரியார். அவருடைய ‘ஓர்பிஸ் பிக்துஸ்’ 1658இல் நியூரெம்பெர்க்கில் வெளியாயிற்று. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். பக்கத்தில் உள்ள வாக்கியத்தில் அப்பொருளின் சொல்லுக்கும் அதே எண். குழந்தை படத்தைப் பார்த்தே லத்தீன் சொல்லைப் பிடித்துவிடும். இன்று நாம் செல்டாவில் படமும் சொல்லும் தனித்தனியே நறுக்கிப் பொருத்தச் சொல்வது இதன் சிதைந்த வடிவமே. கொமேனியஸ் கையில் கத்தரி இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் நகல் கடையில் அவர் முகத்தைக் கொடுத்துத்தான் காகிதம் வாங்குகிறோம்.

இவ்விடத்தில் நன்னூலை ஒதுக்கிவிட்டுப் போவது முறையாகாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார், ஆசிரியர் ஆகாதவர்க்கு நான்கு உவமை தந்தார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காயைப் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வெளியே வராது. முன்னுக்குப் பின் முரணாகப் பாடம் சொல்பவன் அப்படிப்பட்டவன் என்பது அவர் கருத்து. நாமோ வரிசையாக இருந்த பாடத்தைக் காசு கொடுத்து நகலெடுத்து, இரவெல்லாம் நறுக்கி, உறையில் போட்டுக் குலுக்கி, தலைகீழாகக் கவிழ்க்கிறோம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பயிற்றுநர் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் போடுகிறார். பருத்திக் குண்டிகையின் கதையும் இதுவே. சிறிது சிறிதாக அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் எடுக்க முடியும். கொஞ்சம் கொஞ்சமாகவே சொல்லித் தருபவன் பயனற்றவன் என்றார் பவணந்தி. செல்டா வகுப்பில் ஆசிரியர் பேசும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறைக்கச் சொல்கிறார்கள். விடையைச் சொல்லாதே, அவர்கள் வாயிலிருந்து வரவழை என்கிறார்கள். ஏறவிடாமல் தானே விழும் பழத்தை மட்டும் தரும் மடற்பனையும், ஒருவர் வேலிக்குள் நின்று மற்றவர் வீட்டில் காய் உதிர்க்கும் முடத்தெங்கும் இப்பயிற்சியில் என்ன மதிப்பெண் வாங்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். நன்னூலார் தோற்றாரா, கேம்பிரிட்ஜ் தோற்றதா என்றால், இருவரும் வேறு வேறு மாணவரைப் பற்றிப் பேசினார்கள் என்பதே இக்கட்டுரையாளர் துணிபு. நன்னூலாருடைய மாணவன் கேட்க வந்தவன். இங்கே மாலையில் வருபவர்கள் பேச வந்தவர்கள், ஆனால் பேசப் பயந்தவர்கள்.

இப்பயம் லேசானதன்று. பயிற்சி வகுப்புக்கு வரும் பெரியவர்களில் பலர் 1989க்கு முன் பள்ளி முடித்தவர்கள். அப்போது ரஷ்ய மொழி கட்டாயப் பாடம். அவ்வாண்டு நவம்பரில் ஆட்சி மாறிய பின் கட்டாயம் போயிற்று. ஊரே ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. வகுப்பில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பார். அவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, அதில் ரயில் புறப்படும் நேரம் இருக்கிறது, பிளாட்பாரம் எண் மட்டும் பக்கத்து அம்மாளின் துண்டில் இருக்கிறது, காட்டக்கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றதும் பேசத் தொடங்கிவிட்டார். இலக்கணம் ஓட்டை உடைசல்தான். ஆனால் ரயிலைப் பிடிக்க வேண்டுமே. பேச வேண்டிய பாரம் தன் மேல் இல்லை, காகிதத்தின் மேல் என்று ஆகும்போது வளர்ந்த மனிதருக்கு நாக்கு இளகுகிறது. நறுக்குத் துண்டைக் கேலி செய்ய உட்கார்ந்த இவ்வாய்வு, இந்த ஒரு பத்தியில் அதன் முன் எழுந்து நிற்கிறது.

தொலைந்த துண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மதிய உணவுக்கு வறுத்த பாலாடைக் கட்டியான ஸ்மஜெனீ ஸீரைத் தவிர வேறு கதியில்லாத சைவர்களின் உறைகளில், எண்ணெய்ப் பசையால் ஒரு துண்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். அன்று பிரேசில் தோழர் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் காலக்கோடு வரைந்தார், கைகளை அகல விரித்து நடித்துக் காட்டினார், வகுப்பு அசையவில்லை. மூன்றாம் ஜோடிக்கு ‘ஃபார்’ வரவில்லை. தோழர் மண்டியிட்டு மேசைக்கடியில் தேடினார். கோட்டுப் பைகள் சோதிக்கப்பட்டன. அப்போது அந்த ஜோடியிலிருந்த தையற்கடைக்கார அம்மாள், “சம்படி ஹாஸ் ஈட்டன் அவர் ஃபார்” என்றார். இலக்கணம் பிசகாத பிரசன்ட் பெர்ஃபெக்ட். யாரும் கேட்கவில்லை, எந்தத் துண்டிலும் எழுதியிருக்கவில்லை. மேசைக்கடியில் இருந்ததால் தோழர் அதைக் கேட்கவில்லை. பயிற்றுநர் கேட்டார், குறித்துக்கொண்டார். அடுத்த வகுப்பிலிருந்து நாங்கள் ஒவ்வோர் உறையிலும் ஒரு துண்டை வேண்டுமென்றே எடுத்துவிட்டுப் பார்த்தோம். பலிக்கவில்லை. தொலைவது என்பது நடிக்க முடியாத காரியம் போலும்.

இனி எஞ்சும் துண்டு. ஜோடிகள் “முடிந்தது” என்று கையைத் தூக்கும்போது மேசை ஓரத்தில் சில துண்டுகள் மிச்சம் கிடக்கும். எந்த வகுப்பிலும், எந்தப் பாடத்திலும், அவை ‘தி’யும் ‘ஏ’யுமாகவே இருக்கும். செக் மொழியில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே அவை இல்லாமல் வாக்கியம் அவர்கள் கண்ணுக்கு நிறைவாகவே தெரிகிறது. அயர்லாந்துத் தோழர் பார்த்த மாத்திரத்தில் துள்ளுவார். தமிழுக்கும் அவை கிடையாது. எனவே இக்கட்டுரையாளர் குனிந்து பார்த்து, வாக்கியம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போவதுண்டு. பயிற்சி முடிந்த அன்று மிஞ்சியவற்றைத் திரட்டியதில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ‘தி’ சேர்ந்திருந்தது. நல்ல நிலையில் உள்ளவை, முனை மடங்காதவை. வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆசிரியர் அறைப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினோம். இன்றுவரை எந்தச் செக்கரும் கேட்டு வரவில்லை, தமிழரும் வரவில்லை.