தொண்டை நாட்டிலிருந்து ஒரு புகழுரை

2019 மார்ச் 27, புதன்கிழமை. ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரிபாகம் கடையும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் பிரதமர் வந்தார். பூமிக்கு மேலே 300 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செயற்கைக்கோளை நம் ஏவுகணை அடித்து உடைத்துவிட்டது, மூன்றே நிமிடத்தில் வேலை முடிந்தது என்றார். அதற்கு மிஷன் சக்தி என்று பெயர். அப்ரண்டிஸ் பையன்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். நானும் தட்டினேன். எதிரே இருந்த மூத்த ஆபரேட்டர் அண்ணன் மட்டும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஒடைச்சாங்க, சரி. சிப்ஸை யாரு தம்பி பெருக்குறது?"

எங்கள் தொழிலில் சிப்ஸ் என்றால் லேத்தில் சுருண்டு விழும் இரும்புச் சீவல். ஷிஃப்ட் முடிந்து மெஷினை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் முன் அதைப் பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கடையும் இரும்புத் துண்டைப் பிடித்திருக்கும் சக்கின் தாடைக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சீவல் மாட்டினால் போதும், அடுத்து வருகிறவன் கடைவது கோணலாகி ரிஜெக்டில் போய்விடும். தப்பு நம்முடையது, திட்டு அவனுக்கு. அதனால் கடைந்தவன்தான் பெருக்க வேண்டும். இந்த ஒரகடம் சாலையில் எந்த மெஷின் ஷாப்புக்குப் போனாலும் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்.

அண்ணனின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் செயற்கைக்கோளை உடைத்தவர்களை இங்கே புகழப் போகிறேன். எங்கள் ஒரகடம் இருப்பது பழைய தொண்டை நாட்டில். மன்னன் அதியமானின் தூதாக வந்த ஔவை, இந்நாட்டு அரசன் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்தது புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆயுதங்கள் உண்மையிலேயே பொலிவோடுதான் இருந்தன. அந்தப் பொலிவே அவை களம் காணாதவை என்று காட்டிக் கொடுத்தது. புகழ்ச்சி மெய்யாக இருந்தால்தான் அதற்குள் இருக்கும் பழி நிலைக்கும். ஆகவே நானும் மெய்யை மட்டுமே சொல்லிப் புகழ்கிறேன்.

முதல் புகழ் அமெரிக்காவின் கருணைக்கு. 2006 டிசம்பரில் அவர்கள் ஏவிய யுஎஸ்ஏ-193 என்ற உளவுச் செயற்கைக்கோள் மேலே போன சிறிது நேரத்திலேயே செயலிழந்தது. தொட்டியில் சுமார் 450 கிலோ ஹைட்ரசின் என்ற நச்சு எரிபொருள் அப்படியே இருந்தது. அது மக்கள் நடுவே விழுந்துவிடக் கூடாது என்று சொல்லி, 2008 பிப்ரவரியில் பசிபிக் கடலில் நின்ற லேக் எரி போர்க்கப்பலிலிருந்து ஏவுகணை விட்டு, 247 கிலோமீட்டர் உயரத்தில் அதை உடைத்தார்கள். மனிதர்கள் மேல் வைத்த அக்கறை புகழத்தக்கதுதான். 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 அணு உலையோடு கனடாவில் விழுந்தது. 1979-இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் சிதறி ஆஸ்திரேலியாவில் விழுந்தது. அப்போதெல்லாம் எந்த ஏவுகணையும் கிளம்பவில்லை. இந்தக் கருணை பிறப்பதற்குப் பதின்மூன்று மாதம் முன்புதான் சீனா தன் செயற்கைக்கோளை உடைத்துக் காட்டியிருந்தது. விண்வெளியில் ஆயுதம் வேண்டாம் என்று ரஷ்யாவும் சீனாவும் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்த வரைவை வைத்தது அதே பிப்ரவரியில், சில நாள் முன்பு. சுட்டதோ, எதிரி ஏவுகணைகளைத் தடுப்பதற்கென்று செய்த எஸ்எம்-3. கருணைக்கு இத்தனை துணைக் காரணங்கள் வாய்த்தது அபூர்வம்.

அடுத்த புகழ் சீனாவின் நேரடித்தன்மைக்கு. 2007 ஜனவரி 11 அன்று, தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஃபெங்யுன்-1சியை 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. நச்சு, ஆபத்து, மக்கள் நலம் என்று எந்தக் காரணத்தையும் தேடவில்லை. உடைத்ததையே பல நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். அந்த உயரத்தில் காற்று இல்லாததற்குச் சமம், ஆகையால் அவற்றில் பல இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இனி நம்மவர்கள். இங்கேதான் நான் நிறையப் புகழ வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எனக்கு உரிமை.

அமெரிக்கா ஒரு செயற்கைக்கோள் பழுதாகும்வரை காத்திருந்தது. சீனா ஒன்று பழசாகும்வரை காத்திருந்தது. நாம் எதற்கும் காத்திருக்கவில்லை. 740 கிலோ எடையுள்ள மைக்ரோசாட்-ஆர் 2019 ஜனவரி 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி44 ராக்கெட்டில் போனது. படம் எடுக்கும் செயற்கைக்கோள் என்று நமக்குச் சொன்னார்கள். அதே ராக்கெட்டில்தான் சென்னை மாணவர்கள் செய்த, ஒன்றேகால் கிலோ எடையுள்ள கலாம்சாட்டும் போனது. 62-ஆம் நாள் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை மைக்ரோசாட்டை அடித்தது. வெடிமருந்து இல்லை, நேரே மோதியே உடைப்பது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பொருளை இப்படி அடிப்பது எவ்வளவு கடினம் என்று மைக்ரான் கணக்கில் பிழைக்கும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கைவேலைக்கு என் வணக்கம். உடைப்பதற்கென்றே ஒன்றைச் செய்து மேலே அனுப்பும் அளவுக்கு நாம் வளர்ந்துவிட்டோம்.

அடுத்து நம்மவர்களின் பொறுப்புணர்வு. துண்டுகள் சீக்கிரம் கீழே விழுந்து எரியட்டும் என்றுதான் தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தார்கள். 45 நாளில் எல்லாம் விழுந்துவிடும் என்றார் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சதீஷ் ரெட்டி. சீனாவைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கடையும்போது சிப்ஸ் கீழே மட்டுமா விழுகிறது? முகத்துக்கும் எழும்பும், அதற்காகத்தானே கண்ணாடி போடுகிறோம். மோதலில் சில துண்டுகள் கூடுதல் வேகம் பெற்று மேலேயும் போயின. சுமார் 400 துண்டுகள், கண்காணிக்கக்கூடியவை 60, அவற்றில் 24 பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டி எழும்பின என்று நாசாவின் தலைவர் பிரைடன்ஸ்டைன் ஏப்ரல் முதல் தேதி சொன்னார். சிறு துண்டுகள் நிலையத்தின் மேல் மோதும் ஆபத்து பத்து நாளில் 44 சதவீதம் கூடியதாகவும் சொன்னார். 45 நாள் கடந்து, சில துண்டுகள் ஆண்டுக்கணக்கில் சுற்றின. தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்த அந்த அறிவே, உடைத்தால் என்ன ஆகும் என்று முன்பே தெரியும் என்பதற்குச் சாட்சி. தெரியாமல் செய்தவனைத் திருத்தலாம். தெரிந்து செய்தவனிடம் கேள்விதான் கேட்க முடியும்.

காலம் அறிந்த திறமையையும் விட்டுவிடக் கூடாது. மார்ச் 10 அன்று தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தாயிற்று. ஏப்ரல் 11-இல் முதற்கட்ட வாக்குப்பதிவு. 18-இல் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியும் வாக்களித்தது. பிரதமரின் அந்தத் தொலைக்காட்சி உரையில் விதிமீறல் இல்லை என்று தேர்தல் ஆணையமே சொல்லிவிட்டது. விஞ்ஞானிகள் உழைத்ததற்கு விஞ்ஞானிகளே முதலில் நின்று பேசியிருந்தால், இந்தத் தேதிகளை நான் எண்ணிப் பார்த்திருக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரியது தொலைநோக்கு. 1967 ஜனவரி முதல் தேதிக்கு முன் அணுகுண்டு வெடித்தவர்கள் மட்டுமே அணு வல்லரசுகள் என்று உலகம் ஒருமுறை கோடு போட்டது. நாம் வெளியே நின்றோம். விண்வெளியிலும் அப்படி ஒரு கதவு மூடும் முன் உள்ளே போய்விட வேண்டும் என்ற நினைப்பை நான் மனமார மதிக்கிறேன். உள்ளேயும் போய்விட்டோம். 2021 நவம்பரில் ரஷ்யா தன் பங்குக்கு ஒரு செயற்கைக்கோளை உடைத்து, விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களைத் தப்பிக்கும் கலங்களுக்குள் ஒதுங்க வைத்தது. 2022 டிசம்பரில், இனி இப்படி ஏவுகணை விட்டு உடைத்துச் சோதிக்க வேண்டாம் என்று ஐ.நா. பொதுச் சபையில் 155 நாடுகள் வாக்களித்தன. இந்தியா நடுநிலை வகித்தது. காட்ட வேண்டியதைக் காட்டி முடித்தவனுக்கு, இனி வேண்டாம் என்று கை தூக்குவதில் என்ன நஷ்டம்?

2020 குடியரசு நாளில் அந்த ஏவுகணை டெல்லி அணிவகுப்பில் அலங்காரமாக வந்தது. எனக்குத் தொண்டைமானின் கொட்டில்தான் நினைவுக்கு வந்தது. அவன் ஆயுதங்கள் யாரையும் அடிக்கவில்லை. இது ஒரே ஒருமுறை அடித்தது, அதுவும் நம் வீட்டுப் பிள்ளையை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் விமான, விண்வெளித் தொழில்களுக்கென்றே ஒரு பூங்கா எழும்பியிருக்கிறது. அன்று மேசையைத் தட்டிய பையன்களில் யாராவது நாளை விண்ணுக்குப் போகிற பாகத்தைக் கடைவான். அவனுக்கு இந்தச் சாலை சொல்லிக் கொடுத்த பாடத்தை நாட்டுக்கும் யாராவது சொல்ல வேண்டும். இனி உடைக்க மாட்டோம் என்று இந்தியா தானாகவே ஒரு வாக்குக் கொடுக்கட்டும். அதை நான் உள்ளொன்றும் வைக்காமல் புகழ்வேன்.

அன்று இரண்டரை மணிக்கு ஷிஃப்ட் மாறியது. அண்ணன் சக்கின் மூன்று தாடைகளையும் பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்து, எழுந்து நின்றார். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, வழக்கம்போல, தாடையின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தார்.