மூன்றாவது ராஜாவுக்கு ஓ.டி. விழுந்தால்

முதலில் தேதியைச் சரிபாருங்கள். பாட்டி சொல்லிக்கொடுத்த கணக்குப்படி மூன்று ராஜாக்கள் திருநாள் என்றால் ஜனவரி 6. ஆனால் நம் நாட்டில் ஜனவரி 2-க்கும் 8-க்கும் நடுவில் வருகிற ஞாயிறுதான் ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. போன வருடம் 5-ஆம் தேதி, இந்த 2026-ல் 4-ஆம் தேதி. இது தெரியாமல் 6-ஆம் தேதிக்கு லீவு எழுதிக்கொடுத்து, காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். நான் வந்திருக்கிறேன். எழுதிக்கொடுத்த லீவை சூப்பர்வைசர் திருப்பித் தரமாட்டார்.

அடுத்தது வழி. வல்லக்கோட்டையில் 'கோயில் எங்கே' என்று கேட்டால் எல்லாக் கையும் முருகன் கோயில் பக்கம்தான் நீளும். அவர்கள் மேல் தப்பில்லை. ஏழடி உயரத்தில் நிற்கிற சாமி. அருணகிரிநாதர் பாடிய தலம். 'சர்ச்' என்று கேளுங்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். மார்கழிப் பனியில் சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்விளக்கு எரிகிறதா என்பது உங்கள் விசுவாசத்தைப் பொறுத்தது. நட்சத்திரத்தை நம்பி வந்த ஞானிகளே எருசலேமில் இறங்கி வழி கேட்டு, நேராக ஏரோதிடம் போய் நின்றார்கள். நீங்கள் டீக்கடையில் கேளுங்கள்.

இந்தப் பக்கத்துப் பங்குகளுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே கிறிஸ்துமஸ் பெரிய விழா அல்ல. டிசம்பர் 23 ராத்திரியே பாதிப் பங்கு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடும்: திண்டுக்கல், தூத்துக்குடி, நாகர்கோவில், சிவகங்கை. நள்ளிரவுப் பூசைக்குப் பாடகர் குழுவில் கீபோர்டு இருக்கும், வாசிக்கிற பையன் இருக்கமாட்டான். செங்கல்பட்டு மறைமாவட்டமே 2002-ல்தான் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் ஓட ஆரம்பித்தது. மறைமாவட்டமும் புதிது, வேலைக்கு வந்து குடியேறியவர்களும் புதிது. ஆக, சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவரிடம் 'சொந்த ஊர் எதுங்க' என்று சேர்த்துக் கேட்கிற பங்கு இது. ஊருக்குப் போனவர்கள் ஜனவரி முதல் வாரம் முறுக்கு டப்பாவோடு திரும்புவார்கள். பொங்கலுக்கென்று 13-ஆம் தேதி மறுபடி பை கட்டுவார்கள். எல்லாரும் ஒன்றாக உட்காருகிற பெருவிழா நடுவில் வரும் இது ஒன்றுதான். விட்டுவிடாதீர்கள்.

குடில் விஷயத்தில் வாயைத் திறக்காமலிருப்பது உத்தமம். சீரியல் செட் வாடகை ஏறுகிறது, புது வருடத்தோடு பிரித்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் ஒருவர் சொல்வார். பிப்ரவரி 2, மெழுகுதிரி மந்திரிக்கிற நாள்வரை இருக்கட்டும் என்று முன்வரிசைப் பாட்டிகள் சொல்வார்கள். சட்டப்படி கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது. இந்த வருடம் அது ஜனவரி 11. இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் நீங்கள் ஆகாதவர். ராஜா சுரூபங்களை முதலில் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் நகர்த்திக் குடிலுக்குக் கொண்டுவருவது சில நாட்டு வழக்கம். நம்மிடம் வைக்க வேறு இடமில்லாததால் அவர்கள் டிசம்பர் 24 மாலையே தொழுவத்துக்கு வந்துவிடுகிறார்கள், குழந்தை பிறப்பதற்கு முன்பாக. ஒரு ராஜாவின் கழுத்தில் பெவிகுயிக் ஒட்டிய கோடு தெரியும். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். மூன்று கால் ஒட்டகத்துக்கு அரைச் செங்கல் போதும்.

ஒட்டகம் என்றதும் ஞாபகம் வருகிறது. மறைக்கல்வி சிஸ்டரிடம் போய், மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் ஒட்டகமே இல்லையே என்று கேட்டுவைக்காதீர்கள். மூன்று பேர் என்றும் அதில் இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. அவர்கள் நுழைந்தது தொழுவத்துக்குள்ளும் அல்ல, வீட்டுக்குள். பரிசு மூன்று என்பதால் ஆள் மூன்று. ராஜாக்கள் 72-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தவர்கள், ஒட்டகம் எசாயா 60-லிருந்து ஓட்டி வந்தது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் எல்லாம் பிற்பாடு வைத்த பேர். போதாததற்குப் பரங்கிமலைக்காரர்கள் பெருமைப்பட ஒரு பழங்கதையும் உண்டு: இவர்களுக்கெல்லாம் பின்னாளில் திருமுழுக்குக் கொடுத்தது தோமையாராம். இத்தனையும் தெரிந்தவர் நாடகத்துக்குத் திரை இழுக்கத்தான் லாயக்கு.

நாடகத்துக்கு வேண்டியவை: அம்மாவின் கல்யாணப் பட்டு, ஜிகினா கிரீடம், பஞ்சுத் தாடி. மூன்றாவது ராஜா கறுப்பர் என்று படத்தில் பார்த்துவிட்டு, ஒரு பையனைப் பிடித்து முகத்தில் மை பூசுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எதற்கு? பொன்னுக்கு பிஸ்கட் டின். சாம்பிராணிக்கு கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஆனால் பட்டுப் புடவைக்கு ஒரு முழம் தள்ளி. வெள்ளைப்போளத்துக்கு நாட்டு மருந்துக் கடை. கடைக்காரர் கரியபோளத்தை எடுத்து நீட்டுவார். அது கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுத்தது, வேறு சரக்கு. உங்களுக்கு வேண்டியது முள்மரத்துப் பிசின், பிணத்துக்குப் பூசியது. பிறந்த குழந்தைக்கு ஏன் அதைக் கொண்டுபோனார்கள் என்று பாதர் பிரசங்கத்தில் சொல்வார், விழித்திருந்தால் கேட்கலாம்.

இனி முக்கியமான கட்டம். மூன்றாவது ராஜா காலை ஏழரைக்கு போன் செய்வார்: "சிஸ்டர், ஓ.டி. விழுந்துடுச்சு." பதறக்கூடாது. கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். சி ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வெளியே வந்து, ரூமுக்குப் போகாமல் நேரே வந்த மூன்று நான்கு பேர் தூணில் சாய்ந்து நிற்பார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள். கிறிஸ்துமஸுக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் இங்கேயே இருந்தவர்கள். கீபோர்டு வாசிக்க ஆளில்லாத நள்ளிரவுப் பூசைக்கும் அவர்கள்தான் நின்றார்கள். எங்களுக்கு இப்படி ஆனபோது நம் சிஸ்டர் அவர்களில் உயரமானவனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மொத்த இந்தியையும் செலவழித்தார்: "இதர் ஆவ்." அவன் "ஜெய் யேசு, சிஸ்டர்" என்று வந்தான். முதல் ராஜாவுக்குத்தான் வசனம், மூன்றாவது ராஜாவுக்கு இல்லை. மொழிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

பட்டுப் புடவையைப் போர்த்தியாயிற்று. ஐ.டி. கார்டைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அது பட்டுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. குடிலுக்கு நான்கடி முன்னால் அவன் நின்றுவிட்டான். டின்னைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சேப்டி ஷூவின் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். எட்டு மணிநேர முடிச்சு, லேசில் வரவில்லை. பாடகர் குழு பல்லவியை மூன்று தடவை பாடியது. முழங்காலில் நின்றிருந்த மற்ற இரண்டு ராஜாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எழுந்து தங்கள் ஷூவையும் கழற்றினார்கள். ஆகவே நிகழ்ச்சி நிரல் போடும்போது இந்தக் காட்சிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பூசை முடிந்து மந்திரித்த சாக்கட்டி கொடுக்கிற பங்காக இருந்தால் வாங்கிக்கொண்டு போய் நிலைப்படியில் 20+சி+எம்+பி+26 என்று எழுதுங்கள். மூன்று ராஜாக்களின் முதலெழுத்து. கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும் என்கிற லத்தீன் வாக்கியத்துக்கும் அதுவே சுருக்கம். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் ஓனரம்மா கிருத்திகை தவறாதவர். பார்த்துவிட்டு, "ஏம்பா, ஓட்டர் லிஸ்ட்காரங்க மறுபடி வந்தாங்களா?" என்றார். விளக்கியதும், "நல்லதுதானே, எங்க வாசலுக்கும் ஒண்ணு எழுதிடு" என்றார். சாக்கட்டியைத் தீர்த்துவிடாதீர்கள்.

பாதர் திருக்காட்சி ஞாயிறன்று உயிர்ப்புப் பெருவிழாத் தேதியை அறிவிப்பது பழைய மரபு. குறித்துக்கொள்ளுங்கள்: சாம்பல் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. பெரிய வியாழன் ரயிலுக்கு 60 நாள் கணக்குப்படி முன்பதிவு பிப்ரவரி 1 காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அதுவும் ஞாயிறுதான், எட்டு மணிப் பூசை. மொபைலை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த திருக்காட்சி 2027 ஜனவரி 3. ரோஸ்டர் போடும்போதே பி ஷிப்ட் கேட்டு வாங்கிவிடுங்கள்.