விடை சரி, வழிமுறை தப்பு

கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அலெக்சாண்டிரியாவில் தாலமி ஒரு வட்டமான வெண்கலத் தட்டில் டிகிரிக் கோடுகளைப் போட்டு, பாதியைத் தண்ணீரில் முக்கி நிறுத்துகிறார். காற்றில் 10 டிகிரி சாய்ந்து வரும் ஒளி தண்ணீருக்குள் 8 டிகிரி. 20க்குப் பதினைந்தரை, 30க்கு இருபத்திரண்டரை. ஏறுகிற அளவைப் பாருங்கள்: ஏழரை, ஏழு, ஆறரை, ஆறு... 80 டிகிரி வரை அரை அரையாக, பிசகே இல்லாமல் குறைகிறது. இயற்கைக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. ஐயா கொஞ்சம் சரிக்கட்டியிருக்கிறார். 80க்கு அவர் எழுதியது 50. உண்மையில் நாற்பத்தேழரை சொச்சம். விடையை முதலில் எழுதிவிட்டு அளவீட்டைப் பின்னால் நிரப்பும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு மாணவர்களுக்கு அவர்தான் குலதெய்வம்.

ஒளி இப்படி விலகுவதற்கான சரியான விதியைப் பிடித்தவர்களோ வாயைத் திறக்கவில்லை. 984இல் பாக்தாதில் இப்னு சஹ்ல் லென்ஸ் கணக்குக்காக அதைப் பயன்படுத்தினார். ஏடு டமாஸ்கஸில் பாதி, டெஹ்ரானில் பாதி என்று சிதறிக் கிடந்து, 1990இல்தான் அவர் பெருமை வெளியே வந்தது. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட்டிடம் கெப்ளரே கடிதம் போட்டுக் கேட்டார். மனுஷன் அட்டவணையை அனுப்பினார், விதியை அனுப்பவில்லை! லைடனில் ஸ்னெல் 1621இல் கண்டுபிடித்து, அச்சேற்றாமலே 1626இல் போய்ச் சேர்ந்தார்.

1637இல் அச்சில் போட்டவர் டெகார்ட். இரண்டு கோணங்களின் சைன் விகிதம் மாறாது என்ற விதி கச்சிதம். காரணம்தான் வேடிக்கை: ஒளியை டென்னிஸ் பந்தாக்கி, அடர்ந்த பொருளுக்குள் அது இன்னும் வேகமாகப் போகும் என்றார். அதே மூச்சில், ஒளி போய்ச்சேர நேரமே ஆகாது என்றும் சொன்னார். நேரமே ஆகாத பயணத்தில் வேகம் கூடுவது எப்படி என்று கேட்கக் கூடாது, அவர் தத்துவஞானி.

துலூஸ் நகரத்து ஃபெர்மாவுக்கு இது பொறுக்கவில்லை. அடர்ந்த பொருளில் ஒளி மெதுவாகத்தான் போகும், ஆனால் மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் போகும் என்று வைத்து 1662இல் கணக்குப் போட்டார். டெகார்டைக் கவிழ்க்கப் போட்ட கணக்கில் வந்து விழுந்தது டெகார்டின் அதே விதி. ஃபெர்மாவே அசந்துபோனார். எது சீக்கிர வழி என்று யோசிக்க ஒளிக்கு மூளையா இருக்கிறது என்று டெகார்ட் கோஷ்டி எகிறியது.

விடைத்தாள் திருத்தப்பட்டது 1850இல். பாரிஸில் ஃபூக்கோ, நீராவியில் சுழலும் கண்ணாடியை வைத்து, தண்ணீரில் ஒளி மெதுவாகவே போகிறது என்று காட்டினார். காற்றில் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர், தண்ணீரில் இரண்டேகால் லட்சம். டெகார்ட் செத்து அப்போது சரியாக 200 வருஷம். ஆனாலும் மதிப்பெண் குறையவில்லை: பிரான்ஸில் இன்றைக்கும் அது ஸ்னெல்-டெகார்ட் விதிதான்.